அக்கா பதில் சொல்லாத இரண்டு நாள்

என் அக்கா பிரேமளா ஐம்பத்தேழு வயது வரை ஒரு இரவுகூட வெளியே தங்கியவள் இல்லை. கல்யாண வீடோ, சாவு வீடோ, கோயில் திருவிழாவோ, எதுவானாலும் பொழுது சாய்வதற்குள் ஜொகூர் பாருவில், தம்போயில் இருக்கும் வீட்டுக்கு வந்து சேர்ந்துவிடுவாள். அப்படிப்பட்டவள் போன வருடம் மெர்சிங் பக்கத்துக் காட்டில் நான்கு இரவு தங்கினாள். முதல் இரண்டு இரவு எங்களோடு கூடாரத்தில். அடுத்த இரண்டு இரவு அவள் எங்கே கிடக்கிறாள், உயிரோடு இருக்கிறாளா என்று தெரியாமல் நான் பைத்தியக்காரி மாதிரி அலைந்தேன்.

அவள் எப்படிப்பட்ட ஆள் என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். யாழ்ப்பாணத்திலிருந்து மலாயாவுக்கு ரயில்வே கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக, வந்தவரின் பேத்திகள் நாங்கள். உத்தியோகம் என்றால் அரசாங்க உத்தியோகம் என்று வளர்ந்த வீடு. அக்கா, ஜேபி என்று நாங்கள் சொல்லும் ஜொகூர் பாருவில் ஓர் அரசாங்க அலுவலகத்தில் முப்பத்துநாலு வருடம் கிராணியாக இருந்தாள். கோப்பில் ஒரு தேதி தப்பாக இருந்தால் அன்றைக்கு அவளுக்குச் சோறு இறங்காது. ஈ காக்கை இல்லாத சாலையில் சிவப்பு விளக்கு எரிந்தாலும் காரை நிறுத்துவாள். பின்னால் வருகிறவன் ஹார்ன் அடித்துத் திட்டிக்கொண்டு போவான். இவள் பாட்டுக்கு விளக்கையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் எனக்குத்தான் ரத்தம் கொதிக்கும்.

அம்மா செல்லப்பாக்கியம் பக்கவாதம் வந்து படுத்தபோது அக்காவுக்கு நாற்பத்தொன்று. பேச்சு முழுக்கப் போய்விட்டது. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னார். எல்லாரிடமும் சொல்வதைத்தான் அவளிடமும் சொல்லியிருப்பார். அக்கா அதைப் பதினான்கு வருடம் செய்தாள். பகலில் ஓர் ஆள் வைத்துக்கொண்டு வேலைக்குப் போனாள். மற்ற நேரமெல்லாம் அவளே. புத்ராஜெயாவுக்கு மாறிப் போகிற பதவி உயர்வு வந்தது, வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தாள். அம்மா உடம்பில் கடைசி வரை ஒரு புண் வரவில்லை. நான் கோலாலம்பூரில் ஒரு கப்பல் சரக்குக் கம்பெனியில் இருந்தேன். மாதம் ஒருமுறை வருவேன், கண்ணில் பட்டதையெல்லாம் குறை சொல்வேன், ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிவிடுவேன்.

அம்மா போன பிறகும் அக்கா இரண்டு மணி நேரத்துக்கொரு தடவை விழித்துக்கொண்டிருந்தாள். எழுந்து போய் வெறும் கட்டிலைப் பார்த்துவிட்டு வந்து படுப்பாள். இதை அவள் சொல்லவில்லை. ஒருமுறை தங்கியிருந்தபோது நானே பார்த்தேன். எனக்குப் பத்து வருடமாகக் காடு, மலை என்று சுற்றும் பழக்கம். எங்கள் குழுவை நடத்துகிற ரூபேந்திரனுக்கும் தம்போய்தான், கார் பட்டறை வைத்திருக்கிறான். அடுத்த பயணம் மெர்சிங் பக்கம், வெள்ளியிலிருந்து திங்கள் வரை என்று அவன் சொன்னதும் நான் அக்காவைக் கேட்டேன். முடியாது என்பாள் என்றுதான் நினைத்தேன். என்னென்ன கொண்டு வரணும், எழுதிக் கொடு என்றாள்.

இரண்டு மாதம் அவள் பயிற்சி எடுத்த கதையை எங்கள் தாமானில், அதாவது குடியிருப்பில், இன்றைக்கும் சொல்லிச் சிரிக்கிறார்கள். முதுகுப்பைக்குள் எட்டுக் கிலோ அரிசியைப் போட்டுக்கொண்டு காலை மாலை மைதானத்தைச் சுற்றி நடந்தாள். வீட்டை விட்டு ஓடிப் போகிறாயா என்று பக்கத்து வீட்டு ராஜம்மா கேட்டாராம். புறப்படுகிற அன்று வந்து நின்றாள் பாருங்கள், காட்டுக்குப் போகிற கால்சட்டைக்கு இஸ்திரி போட்டிருந்தாள். மடிப்பு கத்தி மாதிரி நின்றது. நான் வாய்விட்டுச் சிரித்தேன். அவளும் சிரித்தாள்.

அந்த இரண்டு நாளும் அவள் எவ்வளவு சந்தோஷமாக இருந்தாள் என்பதை நான் சொல்லியே ஆக வேண்டும். அட்டைகள் காலில் ஏறியபோது கத்துவாள் என்று பார்த்தேன். குனிந்து ஒவ்வொன்றாகப் பிடுங்கி, எத்தனை என்று எண்ணிக்கொண்டு நடந்தாள். சாயங்காலம் ஆற்றங்கரையில் கூடாரம் போட்டதும் போட்டிருந்த துணியோடு தண்ணீரில் இறங்கி மல்லாந்து மிதந்தாள். தண்ணீர் தேநீர் நிறத்தில் சில்லென்று ஓடியது. போதும் வா, சளி பிடிக்கும் என்று நான் இரண்டு தடவை அதட்டியும் அவள் வரவில்லை. அவள் என் பேச்சைக் கேட்காதது அன்றைக்குத்தான். கொண்டுவந்த இடிச்ச சம்பலை எல்லாருக்கும் சோற்றோடு போட்டாள். படுத்தவள் விடிகிற வரை எழுந்திருக்கவே இல்லை. மறுநாள் காலை, எட்டு மணி நேரம் தூங்கிவிட்டேன் என்று யாரோ பரிசு கொடுத்த மாதிரி என்னிடம் சொன்னாள். ஜொகூரில் இப்படி இன்னும் எத்தனை காடு இருக்கிறது என்று ரூபேந்திரனிடம் கேட்டுக் குறித்து வைத்துக்கொண்டாள்.

மூன்றாம் நாள், ஞாயிற்றுக்கிழமை. விடிந்து கொஞ்ச நேரத்தில் சின்ன மண்வாரியையும் டிஷ்யூவையும் எடுத்துக்கொண்டு ஒதுங்கப் போனாள். மற்றப் பெண்கள் கூடாரத்துக்குப் பின்னால் பத்தடி போய்விட்டு வருவார்கள். இவளுக்குக் கூச்சம் அதிகம், ஆள் கண்ணுக்கே தெரியாத தூரத்துக்குப் போவாள். நான் சார்டின் டின்னை உடைத்துச் சட்டியில் போட்டேன். அவளுக்கு மைலோ கலந்து வைத்தேன். மைலோ ஆறிப்போயிற்று. எனக்கு முதலில் வந்தது கோபம்தான். வரட்டும், இரண்டு போடு போடுகிறேன் என்று என்ன சொல்லித் திட்டுவது என்பதுவரை மனசுக்குள் தயார் செய்து வைத்திருந்தேன்.

முக்கால் மணி நேரம் கழித்துத்தான் பயம் வந்தது. மற்ற எட்டுப் பேரும் நாலா பக்கமும் போய்க் கூப்பிட்டோம். விசில் ஊதினோம். அவளுடைய விசில் கூடாரத்தில் பையிலேயே தொங்கிக்கொண்டிருந்தது. பெர்த்தாம் செடி ஆள் உயரத்துக்கு மேல் முள்ளும் ஓலையுமாக அடர்ந்த காடு அது. பத்தடி தள்ளி நிற்கிறவனைப் பார்க்க முடியாது. ரூபேந்திரன் ஓட்டமும் நடையுமாக மூன்று மணி நேரம் வெளியே போய், சிக்னல் கிடைக்கிற இடத்திலிருந்து தகவல் சொன்னான். சாயங்காலம் போம்பாகாரர்கள், அதுதான் எங்கள் ஊர்த் தீயணைப்பு மீட்புப் படை, வந்து சேரும்போது மழை பிடித்துக்கொண்டது. அந்த மண்வாரியைத் தவிர அவளிடம் இருந்தது உடுத்திய துணியும் சட்டைப் பையில் ஒரு பாக்கெட் பிஸ்கட்டும்தான். மழை கூடாரத்தின் மேல் விடாமல் விழுந்தது. அவள் இடத்தில் கிடந்த இஸ்திரி போட்ட மாற்றுக் கால்சட்டையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

திங்கட்கிழமை முப்பது பேர் தேடினார்கள். ஒலிபெருக்கியில், மலாயில் பெண்களை மரியாதையாக அழைக்கிற விதத்தில், 'புவான் பிரேமளா, புவான் பிரேமளா' என்று காடு முழுக்கக் கேட்கிற மாதிரி கூப்பிட்டார்கள். நான் 'அக்கா, அக்கா' என்று கத்திக் கத்தித் தொண்டை கட்டிவிட்டது. என்னைக் கூடாரத்திலேயே இருக்கச் சொன்னார்கள். யார் கேட்டது. முள் கிழித்துக் கையெல்லாம் ரத்தம். எந்தத் தெய்வம் ஞாபகத்துக்கு வந்ததோ அத்தனையையும் கூப்பிட்டேன், கூப்பிட்ட கையோடு திட்டவும் செய்தேன். பதினான்கு வருடம் ஒருத்தி வீட்டுக்குள் கிடந்தாளே, அவள் வெளியே வந்த மூன்றாம் நாளா உங்களுக்குக் கண் பட்டது என்று கேட்டேன்.

அன்று மாலை போம்பா அதிகாரி என்னைத் தனியாகக் கூப்பிட்டார். நல்ல மனுஷன், குரலைத் தாழ்த்திக்கொண்டுதான் கேட்டார். உங்கள் அக்காவுக்குக் கவலை ஏதாவது உண்டா? தாயார் இறந்ததிலிருந்து மனசு சரியில்லையா? தனியாக வாழ்கிறவரா? அவர் என்ன கேட்கிறார் என்று எனக்கு ஒரு நிமிடம் புரியவில்லை. புரிந்ததும் அவரை அறையலாமா என்று கை வந்தது. அவள் இன்னும் எத்தனை காடு இருக்கிறது என்று எழுதி வைத்திருக்கிறாள் சார் என்று கத்தினேன். ஆனால் அவர் போன பிறகு அந்தக் கேள்வி போகவில்லை. அவள் மனசில் என்ன இருந்தது என்று எனக்கு உண்மையிலேயே தெரியுமா? மாதத்தில் இரண்டு நாள் வந்து போனவளுக்கு என்ன தெரியும்?

செவ்வாய்க்கிழமை காலையில் தேடும் இடத்தைக் கீழ்ப்பக்கம் மாற்றினார்கள். ஈத்தாம் என்று ஒரு ஜக்குன் பழங்குடி ஆள் வழிகாட்டியாக வந்திருந்தார், அந்தக் காட்டிலேயே பிறந்து வளர்ந்தவர். ஒரு சின்ன ஓடையோரத்தில் அவர் குத்த வைத்துவிட்டு எங்களைக் கூப்பிட்டார். கல்லுக்கு அடியில் பிஸ்கட் தாள். நாலாக மடித்து, விளிம்போடு விளிம்பு சேர்த்து, பறக்காமல் இருக்கக் கல் வைத்திருந்தது. உலகத்தில் வேறு யாரும் அப்படிக் குப்பை போடமாட்டார்கள். நான் அந்தத் தாளை எடுத்து நெஞ்சோடு வைத்துக்கொண்டு அழுதேன்.

தாளில் மழை மண் தெறிக்கவில்லை, அதனால் ஞாயிற்றுக்கிழமை மழைக்குப் பிறகு வைத்தது என்றார் ஈத்தாம். பக்கத்தில் புல் மடிந்திருந்த விதத்தைக் காட்டி, இவர் நடக்கவில்லை, உட்கார்ந்தபடி தேய்த்துக்கொண்டு போகிறார், கால் போயிருக்கிறது, தூரமாகப் போயிருக்க முடியாது, குரல் கேட்கிற தூரத்துக்குள்தான் இருக்க வேண்டும் என்றார். நேற்று மத்தியானம் அந்த ஓடைக்கு மேலே இருக்கிற இதே மேட்டில் நின்று ஒரு மணி நேரம் ஒலிபெருக்கியில் கூப்பிட்டோம். நானும் கத்தினேன். அப்படியானால் அவளுக்குக் கேட்டிருக்கிறது. கேட்டும் பதில் சொல்லவில்லை. அதிகாரி என்னைப் பார்த்தார். நேற்றுக் கேட்டது அவர் கண்ணில் திரும்பவும் இருந்தது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது.

இங்கே காட்டுக்குப் போகிறவர்கள் எல்லாரும், மலாய்க்காரரோ சீனரோ நம்மவரோ, சொல்கிற ஒரு சமாச்சாரம் உண்டு. காட்டுக்குள் யார் பெயரையும் சொல்லிக் கூப்பிடக்கூடாது, கூப்பிடுகிற குரல் கேட்டால் பதில் சொல்லக்கூடாது, அது மனிதக் குரலாக இல்லாமல் இருக்கலாம். புதிதாக வருகிறவர்களிடம் நுழைவாயிலில் சொல்லுவோம். பாதி பயமுறுத்த, பாதி விளையாட்டுக்கு. வெள்ளிக்கிழமை அக்காவிடம் சொன்னது நான்தான். எதையும் அளவோடு சொல்கிற வாயா இது? அக்கா என்று என் குரலிலேயே கூப்பிட்டாலும் மூச்சு விடாதே, ஆளைக் கண்ணால் பார்த்த பிறகுதான் வாயைத் திறக்க வேண்டும் என்று சொன்னேன். அவள் தலையாட்டினாள். மற்றவர்கள் கேட்டுவிட்டுச் சிரித்துக்கொண்டே போனார்கள். தொலைந்துபோனால் இதெல்லாம் செல்லாது என்று ஒரு குழந்தைக்குக்கூடத் தெரியும். ஆனால் நான் சொன்னது யாரிடம்? ஆளில்லாத சாலையில் சிவப்பு விளக்குக்கு நிற்கிறவளிடம்.

அதிகாரியிடம் மலாயில் விஷயத்தைச் சொன்னேன். அவர் நம்பினாரா தெரியவில்லை. ஈத்தாம் மட்டும் சிரிக்கவில்லை, எங்கள் ஆட்களும் அப்படித்தான் என்றார். எல்லாரையும் சத்தம் போடாமல் நிற்கச் சொல்லுங்கள், எனக்குப் பத்து நிமிடம் கொடுங்கள் என்று கெஞ்சினேன். அந்தப் பக்கம் முழுக்கச் சரிவு, பள்ளம், முள். அங்குலம் அங்குலமாகத் தேட இன்னும் ஒரு நாள் ஆகும். இரண்டு நாள் நனைந்து கிடக்கிறவளுக்கு அந்த ஒரு நாள் இருக்கிறதா என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

நான் மேட்டில் நின்று பேச ஆரம்பித்தேன். பேயில்லை, நான் வாசுகி என்று நிரூபிக்க வேண்டும். வீட்டு இலக்கம் சொன்னேன். அப்பா பெயர் அம்பிகைபாகன் என்றேன். அம்மாவுக்குக் கடைசியாக உடுத்திய சேலை என்ன நிறம், அதற்காக நாங்கள் இரண்டு பேரும் எப்படிச் சண்டை போட்டோம் என்று சொன்னேன். பதில் இல்லை. பிறகு எனக்குத் தெரிந்த ஒரே வழிக்குப் போனேன், திட்டினேன். நீ என்ன பெரிய இவளா, ஒருத்தி தொண்டை கிழியக் கத்துகிறாள், அங்கே சட்டம் பேசிக்கொண்டு படுத்திருக்கிறாயா என்று ஆரம்பித்து நாற்பது வருடத்துக் கணக்கை எல்லாம் எடுத்தேன். ரூபேந்திரன் தலையைக் குனிந்துகொண்டான். காட்டுப் பூச்சிகள் இரைச்சல் போட்டன. ஓடை ஓடிற்று. அவ்வளவுதான்.

அக்கா எப்படி யோசிப்பாள் என்று யோசித்தேன். அவளுக்குத் தெரிந்த எதைச் சொன்னாலும், இது என் மனசிலிருந்தே எடுத்துப் பேசுகிறது என்றுதான் நினைப்பாள். அப்படியானால் அவளுக்குத் தெரியாத ஒன்றைச் சொல்ல வேண்டும். எனக்கு மட்டுமே தெரிந்த ஒன்று. அப்படி ஒன்று இருந்தது. சாகும் வரை சொல்லக்கூடாது என்று வைத்திருந்தேன். அவள் செத்துவிட்டால் அதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது?

"அக்கா, அம்மா விழுந்த வருஷம் கம்பெனியில என்னை ஜேபி கிளைக்கு மாத்தித் தரேன்னு சொன்னாங்க. நான் கேட்டேன், அவங்க தரலன்னு உன்கிட்ட சொன்னேன்ல? பொய்க்கா. அவங்களே கூப்பிட்டுக் குடுத்தாங்க. நான்தான் வேணாம்னேன். அந்த வீட்டுல, அந்த மூத்திர நாத்தத்துல என்னால இருக்க முடியாதுன்னு பயந்துட்டேன். உனக்குப் புத்ராஜெயா வந்தப்பகூட நான் வரேன், நீ போன்னு சொல்லல. தெரிஞ்சுக்கிட்டே வாயை மூடிக்கிட்டிருந்தேன். பதினாலு வருஷம். நீ என்னை என்ன வேணா பண்ணு. வெளியே வந்து பண்ணு."

போம்பாகாரர்களில் தமிழ் தெரிந்த ஒருவர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். எவ்வளவு நேரம் ஆயிற்று என்று தெரியாது. ஈத்தாம்தான் முதலில் கையைத் தூக்கினார்.

இடது பக்கம், கீழே, பெர்த்தாம் புதருக்குள்ளிருந்து காய்ந்துபோன ஒரு குரல் வந்தது.

"தெரியும்டி. கத்தாத."

மேட்டிலிருந்து நாற்பது ஐம்பது அடிக்குள்தான் இருந்தாள். ஒரு பள்ளத்தில், உதிர்ந்து கிடந்த ஓலைகளை மேலே இழுத்துப் போட்டுக்கொண்டு சுருண்டு கிடந்தாள். ஒதுங்கப் போன இடத்தில் சரிவில் சறுக்கி விழுந்து கணுக்கால் உடைந்திருக்கிறது. தண்ணீரைப் பிடித்துக்கொண்டே போனால் கூடாரம் வரும் என்று ஓடையோடு தேய்த்துக்கொண்டு வந்திருக்கிறாள், அது வேறு ஓடை. உதடு வெடித்து, முகம் சாம்பல் நிறமாக இருந்தது. நான் கட்டிப்பிடித்தபோது என் முகத்தைக் கையால் தடவிப் பார்த்தாள். பிறகுதான் அழுதாள்.

ஆறு பேர் மாற்றி மாற்றித் தூக்கி ஐந்து மணி நேரத்தில் வெளியே கொண்டுவந்தார்கள். மருத்துவமனையில் காலுக்கு அறுவை சிகிச்சை. காய்ச்சல் நெஞ்சுக்குள் இறங்கி மூன்று நாள் எங்களைப் பாடாய்ப் படுத்திவிட்டு விட்டது. நான்காம் நாள் எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடித்தாள். என் குரலும் ஒலிபெருக்கியும் எல்லாம் கேட்டது என்றாள். ஆனால் முதல் ராத்திரி அம்மா கூப்பிட்டாராம், 'பிரேமா, பிரேமா' என்று, நல்ல தெளிவான குரலில். அதற்குப் பிறகு எந்தக் குரலையும் நம்பக்கூடாது என்று வாயில் துணியை வைத்துக் கடித்துக்கொண்டு படுத்திருந்தாளாம். மாற்றலை நான் மறுத்தது அவளுக்குத் தெரியும், பயந்து மறுத்தேன் என்பது தெரியாது, அதைக் கேட்டதும்தான் இது வாசு என்று வாய் திறந்தாளாம்.

கேட்காமல் விட்டிருக்கலாம். என்னால் முடியவில்லை. ஜேபி மாற்றல் எப்படித் தெரியும் என்று கேட்டேன். அந்த வருடமே என் கம்பெனியிலிருந்து ஒரு பெண் வீட்டுக்கு போன் செய்திருக்கிறாள். உங்கள் தங்கை கிடைத்த மாற்றலை வேண்டாம் என்கிறாரே, வீட்டில் ஏதாவது பிரச்சினையா என்று அக்கறையாக விசாரித்திருக்கிறாள். அக்கா, பிரச்சினை ஒன்றும் இல்லை என்று சொல்லி வைத்துவிட்டாள். அதற்குப் பிறகு பதினான்கு வருடம், மாதாமாதம் நான் வரும்போது எனக்குப் பிடித்ததைச் சமைத்து வைத்துக் காத்திருந்திருக்கிறாள்.

"ஏன்க்கா என்னை ஒரு வார்த்தை கேக்கல?"

அக்கா கஞ்சிக் கிண்ணத்தைப் பக்கத்து மேசையில் வைத்தாள். கோபமாகச் சொல்லவில்லை, கோப்பில் இருப்பதைப் படிக்கிற மாதிரிதான் சொன்னாள்.

"கேட்டிருந்தா நீ வந்திருப்ப, வாசு. வந்து அம்மாவைத் திட்டிக்கிட்டே பாத்திருப்ப. அவங்களால திருப்பி ஒரு வார்த்தை பேச முடியாது. அதைக் கேட்டுக்கிட்டு அவங்க படுத்துக் கெடக்கிறத என்னால பாக்க முடியாதுன்னுதான் கேக்கல."

இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் சொன்னது சரி.